கன்னத்தைப் பெருப்பித்த படம்

போனில் முகம் மாற்றுகிற ஆப்புக்குக் காசு கட்டுகிற பெண்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் ஸ்டூடியோ உள்ளறையில் இருந்து கதைத்துச் சிரித்தீர்கள். நான் உங்களுக்கு சலாம் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "சும்மா கிடைக்கிற ஆப் இரிக்கக்குள்ள இதுக்குப் போய் மாசா மாசம் காசு கட்டுதுகளே, விசர்" என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று எழுதமாட்டேன். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

பிறகு உங்களில் ஒருத்தி வீட்டுக்கு வந்து, "மாமி, உங்கட வேலை அனுபவத்த எழுதித் தாங்களன், புதுசா வாறவங்களுக்கு உதவும்" என்று கேட்டாள். எனக்கு எட்டாம் ஆண்டோடு படிப்பு நின்றது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கமரா பிடிக்கிறது, லைட் வைக்கிறது ஒன்றும் எழுதமாட்டேன். அது என்னை விட உங்களுக்குத் தெரியும். நான் விட்ட பிழைகளை எழுதுகிறேன்.

நான் கல்முனையில் ஒரே ஸ்டூடியோவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். வேலை பொம்பிளைப் பக்கம். எங்கள் ஊர்க் கலியாணத்தில் ஆம்பிளைப் பக்கத்தை ஆம்பிளைகள் எடுப்பார்கள். பொம்பிளைப் பக்கத்துக்கு அவர்கள் வர ஏலாது. தலை திறந்த படம், உடுப்பு மாற்றுகிற நேரத்துப் படம், மருதாணிப் படம் எல்லாம் என் கையால் போனது. பிரிண்ட் கொடுத்த உடனே, வந்தவளின் கண் முன்னால் படத்தை அழிப்பேன். அழித்ததைக் காட்டுவேன். அதற்காகவே அட்டாளைச்சேனையில் இருந்தும் என்னைத் தேடி வந்தார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு மணப்பெண்ணின் கன்னத்து மச்சத்தை எடுத்துவிட்டேன். கேட்காமலே எடுத்தேன். படம் வாங்க உம்மாக்காரி வந்தா. பார்த்தா. திருப்பித் தந்தா.

"இது ஆருட புள்ள?"

"உங்கட மகள்தானே."

"என்ட மகளுக்கு மச்சம் இரிக்கி. அத வெச்சித்தான் அவளுக்கும் அவள்ற தங்கச்சிக்கும் வித்தியாசம். மாப்பிள்ளை இப்ப ஆரக் கட்டினவர்?"

மச்சத்தைத் திரும்ப வைக்க ஒரு முழுப் பகல் போனது. கேட்காமல் கை வைக்கக்கூடாது என்று அன்றைக்குப் படித்தேன். அரைவாசிதான் படித்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

இன்னொரு பிழை இதை விடப் பெரிது. ஒரு பெண்ணின் கையில் சுட்ட தழும்பு. படத்தில் கண்டேன். வீட்டுக்கு வந்து என் மச்சியிடம் சும்மா சொன்னேன். மச்சி வேறு ஆளிடம் சொன்னா. பேசி முடித்த கலியாணம் குழம்பப் பார்த்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஏசவில்லை. "படத்துல கண்டது படத்தோட. ஒரு கிழமை வீட்டுல இரிங்க" என்றார். ஏழு நாள் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு என் வாயில் இருந்து ஒரு படத்தின் கதையும் வெளியே போனதில்லை. இருபது வருடத்துக்கு மேல். இந்தக் கதை வரைக்கும்.

இனி ஆப்புக்கு வருகிறேன்.

எங்கள் அறைக்கு வந்த ஒருத்தியும் என்னை வடிவாக்கித் தாங்க என்று கேட்டதில்லை. வெள்ளையாக்குங்க என்றும் கேட்கமாட்டார்கள். "முகத்தத் துப்பரவாக்கித் தாங்க மாமி" என்றுதான் கேட்பார்கள். நாங்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுவோம். "துப்பரவாக்கி வெச்சிரிக்கன், பாருங்க." வீடு துப்பரவாக்குகிற மாதிரி. அப்படிச் சொல்லிச் சொல்லி, நாங்கள் அழுக்கை மட்டும்தான் எடுக்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு வந்துவிட்டது.

போனில் ஆப் வந்த பிறகு அந்த வேலையை அவர்களே செய்தார்கள். சும்மா கிடைக்கிறதும் காசு கட்டுகிறதும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. பிறகு எதற்குக் காசு? எனக்கும் விளங்கவில்லை. ஒரு ரீச்சர் காட்டித் தந்தா. சும்மா கிடைக்கிறதில் படத்தின் மூலையில் ஆப்பின் பேர் சின்னதாக விழும். காசு கட்டினால் விழாது. "அந்தப் பேருக்குத்தான் காசு மாமி. அது நிண்டா, மாத்தின முகம் எண்டு ஊருக்கே தெரியும்" என்றா.

முகத்துக்குக் காசு இல்லை. மாற்றியது தெரியாமல் இருக்கக் காசு. இதை விளங்கிக்கொண்டால் பாதி விளங்கியது மாதிரி. மற்றப் பாதி, யாருக்குத் தெரியாமல் என்பது. ஒருத்திக்கு மதினி. ஒருத்திக்குக் கட்டாரில் இருக்கிற புருசன். ஒருத்திக்குத் தன்னோடு படித்து, இப்போது நல்லாக இருக்கிற கூட்டாளி. ஆள் யார் என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

நான் வேலையில் இருந்து நிற்பதற்கு இரண்டு வருடம் முந்தி, கச்சான் என்கிற சுடுகாற்று அடிக்கிற நாளில், றிஸ்னா வந்தாள். மருதமுனைப் பிள்ளை. இருபது வயது. அவளுடைய உம்மா ஜெமீலாவின் கலியாணத்தைப் பொம்பிளைப் பக்கம் நான்தான் எடுத்தேன். வாப்பா இல்லை, மவுத்தாகிவிட்டார். ஜெமீலா சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். எங்கள் பக்கம் பொண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வீடு முடியாமல் நிக்காஹ் இல்லை. றிஸ்னாவின் வீட்டுக்காகத்தான் ஜெமீலா போனாள்.

"மாமி, உம்மாட படம். பெரிசா அடிச்சித் தாங்க."

"எங்க ஒட்டப்போறாய்?"

"புது வீட்டு அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம். கதவத் துறந்தா உம்மா நிக்கணும்."

"மாப்பிள்ளை துறந்தா?"

"அவருக்கு மற்றக் கதவு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். றிஸ்னா போனைத் தந்தாள். தலை திறந்த படம். பின்னால் வெள்ளை டைல் சுவர். குசினியாக இருக்க வேண்டும். ஜெமீலா சிரித்துக்கொண்டு நின்றாள். கன்னம் இரண்டும் நிரம்பியிருந்தது.

"சதை வெச்சிட்டா, பாத்தீங்களா? சாச்சி சொல்றா, இஞ்ச இரிக்கக்குள்ள எலும்பும் தோலும், அங்க போய் அரபியாகிட்டா எண்டு."

"எப்ப வாறாவாம்?"

"இன்னும் ஒரு வருசம் நிக்கப்போறாவாம். நான் வேணாம், வாங்க எண்டுதான் சொல்ல இருந்தன். இந்தப் படம் வந்தாப்பிறகு, நல்லாத்தானே இரிக்கா, நிக்கட்டும் எண்டுட்டன். வீடும் முடிஞ்சிரும்."

படத்தைக் கணினியில் போட்டுப் பெருப்பித்தேன். டைல் கோடுகள் வளைந்திருந்தன.

உங்களுக்குத் தெரியும். ஆப்பில் முகத்தை இழுத்தால் பின்னால் இருக்கிற சுவரும் சேர்ந்து இழுபடும். மெலிந்து தெரிய எல்லாரும் கன்னத்தை உள்ளே தள்ளுவார்கள். அதனால் கோடும் உள்பக்கம் வளையும். ஜெமீலாவின் படத்தில் இரண்டு கன்னத்துக்குப் பக்கத்திலும் கோடு வெளிப்பக்கம் வளைந்திருந்தது. மூலையில் ஆப்பின் பேர் இல்லை. காசு கட்டியிருக்கிறாள். இரண்டையும் நான் கண்டேன். கண்டும் என்ன நினைத்தேன்? கை பழகாதவள், மாறி இழுத்துப்போட்டாள் என்று நினைத்தேன். காசு கட்டி யாராவது கன்னத்தைப் பெருப்பிப்பாளா?

பெரிய பிரிண்டில் வளைந்த கோடு அசிங்கமாகத் தெரியும். உட்கார்ந்து ஒவ்வொரு கோடாக நேராக்கினேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பையும் கொஞ்சம் எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. நல்ல வேலை செய்தேன் என்று எனக்கே பெருமை. றிஸ்னாவின் கண் முன்னால் படத்தை அழித்தேன். அவளும் போனில் அழித்தாள். "பிரிண்ட் எடுத்த கையோட அழிச்சிரு எண்டு உம்மா சொன்னவ. தல திறந்த படம்தானே." பிரவுண் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனாள்.

இருபது நாள் இருக்கும். நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஒருத்தி வந்தா. கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. புருசன் கட்டாரில்.

"மாமி, கன்னத்தக் கொஞ்சம் பெருப்பிச்சித் தாங்க. இப்பிடியே அனுப்பினா அந்தாள் டிக்கட் போட்டுட்டு வந்து நிப்பார்."

"வந்தா நல்லம்தானே."

"வந்தா வேலை போயிரும். நான் சுகமாகிட்டன். முகத்துக்குத்தான் இன்னம் சுகமாகல்ல."

அவவின் கன்னத்தை வெளியே இழுத்தேன். பின்னால் இருந்த ஜன்னல் கம்பி கன்னத்தோடு சேர்ந்து வெளிப்பக்கம் வளைந்தது. என் கை நின்றது.

"என்ன மாமி, கரண்ட் போயிட்டா?"

"இல்ல" என்றேன். மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியாது. ஜெமீலாவின் முகம்தான் முன்னால் நின்றது. அதுவும் அவளுடைய முகம் இல்லை. அவள் செய்து, நான் மினுக்கிய முகம்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. படத்தில் கண்டது படத்தோடு. ஒரு தரம் வாய் திறந்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதோடு ஜெமீலா காசு கட்டி மறைத்த விசயம் அது. நான் யார் திறக்க? இப்படி எனக்கு நானே சொல்லி நாலு நாள் போனது. உள்ளுக்குள் பயம்தான், வேறொன்றும் இல்லை. கோட்டை நேராக்கியது முதலாவது பிழை என்றால் இந்த நாலு நாள் இரண்டாவது பிழை.

வெள்ளிக்கிழமை றிஸ்னாவின் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெமீலா ஆறுதலாகக் கதைக்கிற நாள். மற்ற நாளில் அவளுக்குப் போன் கையில் இருப்பது கொஞ்ச நேரம். வீட்டின் சுவர் கூரை மட்டத்துக்கு வந்திருந்தது. உள்அறை ஒன்றுக்கு மட்டும் தகரம் போட்டு, அலுமாரியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கதவைத் திறந்து படத்தைக் காட்டினாள். கோடு வெளிப்பக்கம் வளைந்திருந்ததையும் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் நான் சொன்னேன்.

"கோடு நேராத்தானே இரிக்கி மாமி."

"நான்தான் நேராக்கினன்."

"என்னத்துக்கு?"

"வடிவா இரிக்கட்டும் எண்டு."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள்.

"அப்ப உம்மா மெலிஞ்சிட்டாவா?"

"தெரியா. கேட்டாத்தான் தெரியும்."

"வீடியோவுல வாங்க எண்டா, கமரா பழுது எண்டு சொன்னவ." நிறுத்தினாள். "கமரா பழுதான போன்ல இந்தப் படத்த எப்பிடி எடுத்தவ?"

அவள் கேட்டது என்னிடம் இல்லை.

போன் வந்தது. றிஸ்னா ஸ்பீக்கரில் போட்டு என் கையில் தந்தாள். நான் சலாம் சொன்னேன்.

"ராத்தாவா? என்ன ராத்தா, இவள் படத்துக்குக் காசு தரல்லயா?"

"தந்திட்டாள். ஒரு வேலை விசயம் கேக்கணும். நீ பாவிக்கிற ஆப்புல கன்னத்துக்கு எவ்வளவு வெச்சாய்?"

அங்கே தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றது.

"எப்பிடிக் கண்டீங்க?"

"சுவரக் கண்டன்."

"றிஸ்னா பக்கத்துல இரிக்காளா?"

றிஸ்னா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல்லச் சொன்னாள். அப்படிச் சொன்னால்தான் உம்மா உண்மையைச் சொல்லுவா என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் போனுக்குள்ளால் வந்த பொய் போதும் என்று பட்டது.

"இரிக்காள். கேட்டுட்டு இரிக்காள்."

"அப்ப நான் வெக்கிறன் ராத்தா."

"வெச்சா எங்களுக்கு ஒண்டும் செய்யேலா."

வைக்கவில்லை. மறுகா சொன்னாள். நாலு மாதமாகச் சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. பார்மசியில் குளிசை வாங்கித் தருகிறார்கள். குடித்தால் இரண்டு நாள் சரி. வேலை செய்கிறாள். இன்னும் விழவில்லை.

"உன்ட மேடத்துக்குக் கண் இல்லையா?"

"அவ கெட்டவ இல்ல ராத்தா. ஒவ்வொரு நாளும் பாக்கிற ஆளுக்கு மெலியிறது தெரியா."

"அப்ப ஏன் மறைச்சாய்?"

"வீடு கூரையில நிக்கி. வா எண்டு இவள் கூப்பிட்டா நான் வந்திருவன், எனக்கே தெரியும். அதான் கூப்பிடாம இரிக்கட்டும் எண்டு. என்ட முகம் மட்டும்தான் ராத்தா அந்த வீட்டுக்கு வருது. அதையாவது நல்லதா அனுப்புவம் எண்டு நினைச்சன்."

றிஸ்னா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"உம்மா, இப்பக் கொஞ்ச நாளா ஏன் சுறுக்கா வெக்கிறீங்க?"

"ஆப்புக்குப் போன் காசுல வெட்டுது புள்ள. கதைக்கிறதுல இருந்துதான் அதக் குறைக்க வேண்டி வந்த."

றிஸ்னா எழும்பிப் போய்ப் பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை நானும் அவளும் ஜெமீலாவை அனுப்பிய ஏஜென்சிக்காரரிடம் போனோம். ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் சின்ன ஒபிஸ். நாங்கள் சொன்னதைக் கேட்டார்.

"கிழமைக்குப் பத்துப் பேர் இந்தக் கதிரையில வந்து குந்திட்டு, உம்மா மெலிஞ்சிட்டா எண்டு சொல்றாங்க ராத்தா. மெலியாத ஆள் ஆரு? நானும் மெலிஞ்சிட்டன்."

அவருடைய வயிறு மேசைக்கு மேலே இருந்தது. நாங்கள் சிரிக்கவில்லை.

"அவவே நிக்கிறன் எண்டு சொல்லிக் கடதாசியும் போயிட்டு. நிப்பாட்டணும் எண்டா, வருத்தம் எண்டு மேல உள்ளவங்களுக்கு நான் காட்டணும். அவட படம் என்னமும் இரிக்கா?"

றிஸ்னா படத்தைக் கொண்டுவந்திருந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துவந்தது. பேப்பரைப் பிரித்து, உம்மாவின் முடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். என்ன விட நல்லா இரிக்கா."

"அது உண்மையான முகம் இல்ல. அவ கொஞ்சம் மாத்தினா. மிச்சத்த நான் மாத்தினன்" என்றேன்.

"சரி. அப்ப உண்மையானதக் காட்டுங்க."

காட்ட ஒன்றும் இல்லை. நான் அழித்தேன். றிஸ்னா அழித்தாள். ஜெமீலாவும் அழித்திருப்பாள். மிஞ்சியது அந்தப் பிரிண்ட் ஒன்றுதான். அது ஜெமீலா நல்ல சுகம் என்று சொல்லிக்கொண்டு மேசையில் கிடந்தது. வளைந்த கோடு இருந்திருந்தால் அதையாவது விரல் வைத்துக் காட்டியிருப்பேன்.

வெளியே வந்து ஜெமீலாவுக்குப் போனில் குரல் மெசேஜ் போட்டேன். முக்காடு போட்டுக்கொண்டு அதே சுவருக்கு முன்னால் நின்று, ஒன்றும் போடாமல் ஒரு படம் அனுப்பு என்றேன். பதில் அன்றைக்கே வந்தது.

"ஏலா ராத்தா. வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்க. வேலைக்காரி எண்டு ஊருக்குத் தெரியும். இதுவும் தெரியணுமா?"

அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளறையில் வெட்கப்படுகிற பெண்களிடம் எப்படி நடப்பேனோ அப்படித்தான் நடந்தேன். வேலையைப் பற்றி மட்டும் கதைத்தேன்.

"றிஸ்னாவுக்குக் காட்டமாட்டன். என்ட போனுக்கு அனுப்பு. அந்தாளுக்கு ஒருக்காக் காட்டுவன், அவர்ட முன்னால அழிப்பன். நான் சுவர மட்டும்தான் பாப்பன், கோடு நேரா இரிக்கா எண்டு."

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள், நான் மீன் கழுவிக்கொண்டு நிற்க, படம் வந்தது. கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். சுவரை மட்டும் பார்க்க முடியவில்லை. என்ன கண்டேன் என்று உங்களுக்கும் எழுதமாட்டேன்.

ஏஜென்சிக்காரரிடம் தனியாகப் போனேன். கதிரையில் இருக்காமல் போனை நீட்டினேன். பார்த்தார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இவவ எனக்குத் தெரியுமே ராத்தா. இந்தக் கதிரையில இருந்துதான் கடதாசிக்கு ஒப்பம் வெச்சவ."

"ஓம்."

"எனக்கு அனுப்புங்க. மேல காட்டணும்."

இங்கேதான் நான் நின்றேன். ஒருக்காக் காட்டி அழிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அனுப்பினால் எத்தனை போனுக்குப் போகும் என்று தெரியாது. அனுப்பாவிட்டால் அவள் வரமாட்டாள்.

"உங்கட மேல உள்ளவர இப்பவே வீடியோவுல எடுங்க. என்ட போன நான் பிடிச்சிக் காட்டுறன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் எடுத்தார். கொழும்பில் யாரோ ஒருவர் வந்தார். நான் என் போனை அவருடைய போனுக்கு முன்னால் பிடித்தேன். அந்தாள் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இவர் சிங்களத்தில் சொன்னார். கடைசியில் "ஹரி, ஹரி", சரி என்று சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. மேசைக்கு முன்னால் நின்றே அழித்தேன். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஒரு கிழமை என்றார்கள். ஏழு கிழமை போனது.

அந்த ஏழு கிழமையும் றிஸ்னா என்னோடு கதைக்கவில்லை. ஒரு தரம் மட்டும் ரோட்டில் கண்டு சொன்னாள். "நீங்க கண்டீங்க. அந்த ஏஜென்சி ஆள் கண்டார். கொழும்புல இரிக்கிற ஒத்தர் கண்டார். நான்தான் காணல்ல. ஆருட உம்மா மாமி அவ?" ஜெமீலாவுக்குக் கொடுத்த வாக்கு அது. அதற்காக றிஸ்னா பட்டது சரியா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஒருத்தி காசு கட்டி முகத்தை மாற்றியிருக்கிறாள் என்று கண்டால், அழகுக்கு என்று சட்டென்று முடிவெடுக்காதீர்கள். எந்தப் பக்கம் மாற்றியிருக்கிறாள் என்று பாருங்கள். வளைந்த கோட்டை நேராக்க முந்தி, ஏன் வளைந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள். பரவாயில்லை. கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். கண் முன்னால் அழிப்பதை விடாதீர்கள். அது இல்லாமல் இந்த வேலை இல்லை. அதனால் கேடு வரும் நாளும் வரும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று முதலாளியும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

ஜெமீலா வந்தாள். குடலில் புண். ஆஸ்பத்திரி வார்ட்டில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். றிஸ்னாதான் பக்கத்தில். நான் இரண்டு தரம் போனேன். ஜெமீலா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு வந்தேன். நிக்காஹ் எட்டு மாதம் பிந்தியது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள், ஆனால் விடவில்லை. முன் அறை இன்னும் பூசாமல்தான் கிடக்கிறது. அந்தக் கலியாணத்துக்கு என்னைப் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. வேறு ஆள் எடுத்தா. எனக்கு அதில் கோபம் இல்லை.

நான் வேலையை விட்டு வீட்டில் இருந்த ஒரு நாள் காலமை ஜெமீலா என் வீட்டுக்கு வந்தாள். தனியாக வந்தாள். பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். நன்றியும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. மழை பற்றிக் கதைத்தோம். மருமகன் நல்ல மாதிரி என்றாள். மறுகா கேட்டாள்.

"ராத்தா, அந்தப் படம் இரிக்கா?"

"இல்ல. அண்டைக்கே அழிச்சிட்டன். உனக்குச் சொன்னன்தானே."

"ஓம், சொன்னீங்க." முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். "நான் அதப் பாக்கல்ல ராத்தா. கண்ண மூடிட்டுத்தான் அமத்தினன். அனுப்பிட்டு உடனே அழிச்சிட்டன். அங்க குளியலறைக் கண்ணாடிக்கும் துவாய் போட்டு வெச்சிருந்தன். அந்த நாலு மாசமும் எனக்கு ஆப்புல வந்த முகம்தான் தெரியும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "எப்பிடி இருந்தன்?"

நான் அவளைப் பார்த்தேன். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. பழைய அளவுக்கு இல்லை.

"சுவரத்தான் பாத்தன்" என்றேன். "கோடு நேரா இருந்த."

அவள் பொய் என்று தெரிந்து தலையை ஆட்டினாள்.

பிளேன்டீ ஊற்றி, இரண்டு பிஸ்கட் வைத்தேன். ஒன்றை எடுத்துத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றாள். கொஞ்ச நேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அது தங்குமா என்று பார்க்கிற மாதிரி இருந்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள்.